நாள் மண்டலமும் ஊர் மண்டலமும்

என் தம்பி இடது காலால்தான் பந்தை உதைப்பான். வலது கால் அவனுக்கு நிற்பதற்கு மட்டும்தான் என்று கல்லூரியில் கேலி செய்வார்களாம். அந்த ஒற்றைக் காலை நம்பி எங்கள் வீடு மூன்று வருடம் இருந்தது.

வீடு எடப்பாடிக்கு வெளியே, விசைத்தறிக் கூடங்கள் முடிந்து சோளக்காடு தொடங்கும் இடத்தில் இருந்தது. அம்மா ஒரு தறிக்கூடத்தில் தார் சுற்றினாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூலைச் சுற்றிக் கொடுக்கும் வேலை அது. அப்பா ரிக்கு வண்டிக்குப் போனவர். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து கிளம்பும் அந்த லாரிகள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போய், மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து ஆழ்துளைக் கிணறு போடும். துளைக்குள்ளிருந்து கம்ப்ரசர் காற்று தள்ளிவிடும் கல்தூள் ஆள் மேல் மாவு போலப் படியும். அப்பா அந்தத் தூளை மூச்சில் இழுத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டார். இரைச்சலில் நின்று நின்று காதும் போயிற்று. நான் பி.ஏ. முதல் வருடம் படிக்கும்போது வீட்டோடு வந்து சேர்ந்தவர், அதன் பிறகு கட்டிலிலிருந்து வாசலுக்கு நடந்தாலே இரண்டு இடத்தில் நிற்பார்.

தம்பி அந்த வண்டியில் ஏறக் கூடாது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இருந்த ஒரே வேண்டுதல் அதுதான். அம்மா அதைச் சாமியிடம் சொன்னாள். நான் என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

அப்பாவின் பக்கத்திலும் அம்மாவின் பக்கத்திலும் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேலத்துப் பெண்கள் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவள். அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தானாக உயரும். உயர்ந்தால் என்ன? பஸ்ஸின் பலகையைப் படிக்கத் தெரியாமல் ஏறி வேறு ஊரில் இறங்கியவர்கள் நிறைந்த குடும்பம் எங்களுடையது. படிப்பு முடித்து ஊரிலேயே புதிதாக ஆரம்பித்த ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் எதுவானாலும் "அக்காவக் கூட்டிட்டுப் போ" என்பதுதான் வீட்டு வழக்கம். நானும் போனால் காரியத்தை முடிக்காமல் திரும்பியதில்லை.

தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவன். மேட்டூரில் விடுதியில் தங்கிப் பள்ளிப்படிப்பு படித்தான். அங்கே தொழிற்சாலை ஊழியர்கள் சாயங்காலம் கால்பந்து ஆடுவார்கள். அவர்கள் அணையில் மீன் வாங்கப் போகும் நேரத்தில் இவன் அவர்களுடைய பந்தை எடுத்துச் சுவரில் உதைத்துக்கொண்டிருப்பான். அப்படி வந்த ஆட்டம். அந்த ஆட்டத்துக்காகவே சேலத்து ஆண்கள் கல்லூரியில் இடம் கொடுத்தார்கள். மேட்டூர்த் தொழிற்சாலையில் வேலை கேட்டபோது மட்டும், அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போது பல்கலைக்கழகம் ஒன்றுதான். அதன் கல்லூரிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்திருந்தார்கள். எங்கள் பகுதியில் சேலம், ஈரோடு, கோயம்புத்தூர்க் கல்லூரிகள் இருந்தன. முதலில் இவர்கள் தங்களுக்குள் ஆடுவார்கள். ஜெயித்தவர்கள் மற்றப் பகுதியில் ஜெயித்தவர்களோடு ஆடுவார்கள். பையன்கள் அதை 'ஸோன்' என்பார்கள். தம்பி இரண்டாம் வருடம் படிக்கும்போது அவனுடைய கல்லூரி ஸோன் இறுதிப் போட்டி வரை போனது. கோயம்புத்தூரில் ஆட்டம். தோற்றுவிட்டார்கள். ஆனால் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த ஒரு பஞ்சாலைப் பயிற்சியாளர் தம்பியை ஓரமாகக் கூப்பிட்டாராம்.

"தம்பி, அந்த எடது காலு எங்க வாங்கினது?"

"வீட்ல குடுத்ததுங்க."

"பத்தரமா வெச்சிரு. அடுத்த வருசமும் ஸோன்ல இப்படி ஆடு. எங்க பெரியவங்களையும் கூட்டிட்டு வாரேன். மில்லுல உனக்கு ஒரு எடம் இருக்குது."

அந்த மில் கால்பந்து அணி வைத்திருந்தது. காலையில் வேலை, சாயங்காலம் ஆட்டம், மாதாமாதம் சம்பளம். கல்தூள் இல்லை. அந்த ஒரு வருடம் முழுக்க எங்கள் வீட்டில் சோறு பொங்கியது அந்த வார்த்தையை வைத்துத்தான்.

அடுத்த வருடம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரிகளைத் தனியாகப் பிரித்து அவர்களுக்கென்று புதுப் பல்கலைக்கழகம் வந்தது. சேலம் பழைய பல்கலைக்கழகத்திலேயே நின்றது. இனி தம்பியின் கல்லூரி வேலூர், கடலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளோடுதான் ஆட வேண்டும். ஈரோட்டோடும் கோயம்புத்தூரோடும் ஆட்டமே கிடையாது.

அதை அவன் வீட்டில் வந்து சொன்ன விதத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. 'ஸோன்' என்றால் அம்மாவுக்குப் புரியாது என்று, கல்லூரி அறிவிப்புப் பலகையில் இருந்த தமிழ் வார்த்தையைச் சொன்னான்.

"அம்மா, எங்க காலேஜுக்கு மண்டலம் மாத்திட்டாங்க."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "பழைய மண்டலம் முடிஞ்சுதா? இல்ல பாதியில வுட்டுட்டாங்களா?"

"பாதியிலதான்னு வெச்சுக்கோ. பைனல் வரைக்கும் வந்து தோத்துட்டோமல்ல."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

அம்மாவுக்குத் தெரிந்த மண்டலம் ஒன்றே ஒன்றுதான். விரதமோ மருந்தோ, நாற்பத்தெட்டு நாள் விடாமல் இருப்பது. அப்பாவுக்கு இருமல் தொடங்கிய காலத்தில் நாட்டு வைத்தியர் ஒரு மண்டலத்துக்கு மருந்து கொடுத்தார். அப்பா பாதியில் விட்டுவிட்டு வண்டிக்குப் போய்விட்டார். நெஞ்சு போனது கல்தூளால் அல்ல, மண்டலத்தைப் பாதியில் விட்டதால் என்பது அம்மாவின் முடிவு. அதை யாராலும் அசைக்க முடியவில்லை, பெரியாஸ்பத்திரி டாக்டராலும்.

நான் உட்கார்ந்து விளக்கினேன். "அம்மா, நீ சொல்றது நாள் மண்டலம். இது ஊர் மண்டலம். கோயம்புத்தூரு, ஈரோடு, சேலம்னு நாலு ஊரச் சேத்து ஒரு கட்டாக் கட்டி வெக்கறது. இப்ப அந்தக் கட்டப் பிரிச்சு வேற கட்டுல சேத்துட்டாங்க."

அம்மா பொறுமையாகக் கேட்டாள். "ஊரக் கட்டி வெச்சா என்ன, நாளக் கட்டி வெச்சா என்ன? பேரு மண்டலந்தான சாமி? தொட்டா முடிக்கோணும்."

"அது வேற அர்த்தம்மா."

"உனக்கு ஆயிரம் அர்த்தம் தெரியும். எனக்கு ஒண்ணுதான் தெரியும். அதயாச்சும் வுடு."

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா தலைக்குக் குளித்து மாரியம்மன் கோயிலுக்குப் போய் மண்டலம் தொடங்கினாள். ஒருவேளைச் சோறு, காலில் செருப்பில்லை. புது மண்டலத்தில் மகன் ஜெயிக்க வேண்டும். தறிக்கூடத்தில் நாள் முழுக்க நின்று தார் சுற்றுகிறவள் ஒருவேளைச் சோற்றில் என்ன ஆவாள்? இரண்டு வாரத்தில் வளையல் முழங்கை வரை ஏறத் தொடங்கியது.

"இந்த வெளையாட்டுக்கு எத்தன பேரும்மா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பதினொரு பேரு."

"மத்த பத்து ஊட்லயும் அவங்கம்மாளுங்க மண்டலம் இருக்கறாங்களா?"

"தெரியல."

"அப்ப எல்லாத்துக்கும் சேத்து நாந்தான் இருக்கோணுமாட்ட இருக்குது."

மாமா, அம்மாவின் தம்பி, ரிக்கு வண்டியில் டிரில்லர். துளை போடும் மிஷினை இயக்குகிறவர்; லாரி ஓட்டுவதும் அவர்தான். கெட்டவர் இல்லை. அப்பா படுத்த பிறகு, ஊரில் இருக்கும்போதெல்லாம் எங்களை இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். மழை முடிந்து, ஆயுத பூஜை போட்டு வடக்கே வண்டி கிளம்பும்போது தம்பியையும் ஏற்றிக்கொள்வது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

"ஏங்கண்ணு, பந்த ஒதைச்சு ஒதைச்சு என்ன கண்ட? பந்துதான் தேஞ்சுது," என்றார் தம்பியிடம்.

"மில்லுல எடுக்கறேன்னு சொல்லியிருக்கறாங்க மாமா."

"சொன்னவன் கோயமுத்தூர்ல இருக்கறான். நீ வேலூர்ல போயி ஆடப்போற. அவனென்ன பைனாகுலர்ல பாப்பானா?"

தம்பி என்னைப் பார்த்தான். அம்மாவும் பார்த்தாள். மாமா சொன்னதில் தப்பே இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

"நான் பாத்துக்கறேன் மாமா," என்றேன்.

முதலில் தம்பியின் கல்லூரிக்குப் போனேன். உடற்கல்வி ஆசிரியர் அயோத்தியாப்பட்டணத்துக்காரர், வெயிலில் காய்ந்த மனிதர். மைதானத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் தனியாக வந்து நின்றதைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"சார், மண்டலத்தைப் பழையபடி மாத்தறதுக்கு எதாவது வழி இருக்குதுங்களா?"

"அம்மா, மெட்ராஸ்ல யாரோ ஒருத்தரு மேப்ப விரிச்சு வெச்சு பென்சில்ல ஒரு கோடு இழுத்துட்டாரு. அந்தாண்ட கோயம்புத்தூரு, இந்தாண்ட நாம. அந்தப் பென்சிலு எங்க இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாது."

"பிரின்சிபால் எழுதிக் கேட்டா?"

"கேட்டாச்சு. பாட்னி, கெமிஸ்ட்ரி பரிட்சைய எல்லாம் யாரு நடத்தறதுன்னே அவங்களுக்கு இன்னும் புரியல. பந்தப் பத்தி எவன் யோசிப்பான்?"

பிறகு என்னைச் சமாதானப்படுத்துவது போல, "உன் தம்பி நல்லா ஆடறவன்மா. எங்க ஆடினாலும் ஆடுவான்," என்றார். எங்கே ஆடினாலும் ஆடுவான். ஆனால் யார் பார்ப்பார்கள்?

அந்த வாரமே பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் போனேன். சங்ககிரி போய் அங்கிருந்து பஸ் மாறி, இடுப்பில் செருகிய கைக்குட்டையைத் தவிர வேறு துணை இல்லாமல் போனேன். பவானி, பெருந்துறை, அவிநாசி என்று ஊர்கள் கடந்துகொண்டே இருந்தன. எங்கேயும் ஒரு கோடும் தெரியவில்லை. கண்டக்டர் எங்கள் ஊர்ப் பேச்சைத்தான் பேசினார். எதிர் சீட்டுக்காரம்மா "எங்கீங்க அம்மணி போறீங்க?" என்றுதான் கேட்டார். இவர்களிடமிருந்தா எங்களைப் பிரித்துவிட்டார்கள்?

மில் வாசலில் காவலாளி விடவில்லை. நான் இங்கிலீஷில் பேசினேன். உடனே கதவு திறந்தது. அந்த ஒரு கதவுக்காவது என் படிப்பு பயன்பட்டது.

பயிற்சியாளர் தொப்பையும் விசிலுமாக வந்தார். "யாருங்க நீங்க?"

"போன வருசம் சேலத்துக் காலேஜுக்கு ஆடுன பையனோட அக்காங்க. எடது கால்ல ஆடுவான்."

"அட, அந்தக் காலா!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "ஏனுங்க, இந்த வருசம் ஸோன்ல நீங்க இல்லாம சப்புன்னு இருக்குமுங்க. சேலத்துப் பசங்க வந்தாத்தான் ஆட்டமே."

"நீங்க ஒருக்காச் சேலம் வந்து அவன் ஆட்டத்தப் பாக்க முடியுமாங்க?"

"அத்தன தூரமா? வெத்தல பாக்கு தட்டத்தோட வரச் சொல்றீங்களா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இங்க பாருங்க அம்மணி. ஸோன்ல பாத்து எடுக்கறதுதான் எங்க வழக்கம். ஆனா நீங்க இத்தன தூரம் வந்துட்டீங்க. இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கெழம காலைல மில்லு கிரவுண்டுல பசங்களப் பொறுக்கறோம். பெரியவங்களும் இருப்பாங்க. பூட்ஸோட வந்து நிக்கச் சொல்லுங்க. மத்தத அவன் காலு பாத்துக்கும்."

திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தேன். நான் போன காரியம் முடிந்தது. எடப்பாடியில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது எதிரில் வந்த மாமாவைப் பார்த்து, நானாகவே நின்று, "மாமா, வண்டிக்கு வேற ஆள் பாத்துக்குங்க," என்றேன். "ஆவட்டும் சாமி, நல்லதுதான," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு நாளில் தம்பி சேலத்திலிருந்து வந்தான். புது மண்டலத்தின் முதல் ஆட்டம் முடிவாகிவிட்டதாம். அதே ஞாயிற்றுக்கிழமை. காலையில். சேலத்திலேயே.

தோற்றால் வெளியே போகும் போட்டி அது. தம்பிதான் கேப்டன். கல்லூரியில் ஆடத் தெரிந்தவர்கள் சரியாகப் பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆளுக்கு அம்மை போட்டிருந்தது. உடற்கல்வி ஆசிரியர் ஆட்டத்தை வேறு நாளுக்கு மாற்றக் கேட்டுப் பார்த்தார். கடலூர்ப் பக்கத்திலிருந்து வரும் அணி பஸ் பேசிவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். மில்லுக்கு எங்கள் தபாலாபீஸிலிருந்து டிரங்க் கால் போட்டேன். யாரோ எடுத்து, "அவரு இல்லீங்க," என்றார்கள். மறுபடி போட்டேன். மறுபடியும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பி வீட்டில் இருந்தான். பூட்ஸை மடியில் வைத்து ஆணிகளைத் திருகிக்கொண்டிருந்தான். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அம்மா விரதக் குளியல் முடிந்து ஈரத் தலையோடு நின்றாள்.

"கோயம்புத்தூர் போ," என்றேன். "இதுல யோசிக்கறதுக்கு என்னடா இருக்குது?"

"நான் போவாட்டி பத்துப் பேருதாங்க்கா. பத்துப் பேரோட எறங்கச் சொல்றயா?"

"எறங்கட்டும். தோக்கட்டும். அவங்க யாரும் ரிக்கு வண்டிக்குப் போவல."

அம்மா பேசினாள். "மண்டலம் நாளைக்குத்தான் முடியுது. முடியற நாளுல வுட்டுட்டு எங்க போவச் சொல்ற அவன?"

"அம்மா! இது ஊர் மண்டலம்னு எத்தன தடவ சொல்றது?"

"அவனயும் அவங்கப்பனாட்ட ஆக்கிப் போடாத சாமி."

அந்த நேரத்தில் என்னால் முடிந்தது ஒன்றுதான் இருந்தது. "மண்டலம் இன்னிக்கே முடிஞ்சிருச்சு," என்றேன். "நான் எண்ணிட்டுத்தான இருக்கறேன். இன்னியோட நாப்பத்தெட்டு."

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமில்லை. "செவ்வாக்கெழம ஆரம்பிச்சா ஞாயித்துக்கெழமதான் முடியும். இதுக்குக்கூடவா சாமி பொய்யி?"

அப்பாவுக்கு எங்கள் வாய் அசைவதிலிருந்து ஒரு வார்த்தை மட்டும் பிடிபட்டிருக்க வேண்டும். மூச்சை இழுத்து இழுத்து, காது கேட்காதவர்களின் உரத்த குரலில், "மண்டலமா? நாந்தான் வுட்டுட்டுப் போனேன்," என்றார். "எம் பையன் வுடமாட்டான்."

தம்பி பூட்ஸின் நாடாவை முடிந்தான். எதற்காக அவன் அந்த முடிவை எடுத்தான் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. பத்துப் பேருக்காகவா, அப்பாவுக்காகவா, அம்மாவின் வெறும் வயிற்றுக்காகவா?

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சேலம் போனான். நான் எதிர்த் திசையில் போகும் பஸ்ஸில் ஏறினேன். அவன் வரவில்லை என்றால் நானாவது போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது. நாளைக்குக் கூட்டிவருகிறேன், ஒரே ஒரு நாள் பொறுங்கள் என்று காலில் விழவும் தயாராகத்தான் போனேன்.

மில் மைதானத்தில் முப்பது, நாற்பது பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் புதுப் பல்கலைக்கழகத்துக் கல்லூரிகளின் சட்டை போட்டிருந்தார்கள். பயிற்சியாளர் என்னைக் கண்டதும் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி எங்கீங்க?"

சொன்னேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"கேப்டன்ங்கறீங்க. அப்ப அவன் அங்கதான் இருக்கோணும். தப்பு சொல்ல மாட்டேன்."

"நாளைக்குக் கூட்டிட்டு வாரேனுங்க. அஞ்சு நிமிசம் பாருங்க. போதும்."

"பெரியவங்க இன்னிக்குத்தான் வந்திருக்கறாங்க. இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்குங்க. இனிமே இந்தப் பக்கத்துக் காலேஜுப் பசங்களயே எடுக்கச் சொல்லீட்டாங்க. உங்க தம்பிக்காக நான் பேசி வெச்சிருந்தேன். இன்னிக்கு வந்திருந்தா எடுத்திருப்போமுங்க." பிறகு, "சாப்புட்டீங்களா அம்மணி?" என்றார்.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். வெயிலில் நின்று அந்தப் பையன்கள் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் அவர்களில் ஒருவன்கூட இடது காலால் உதைக்கவில்லை என்பது தெரிந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். இரண்டாம் வேளையாக அவள் வாயில் எதையாவது போட்டதை நாற்பத்தெட்டு நாளைக்குப் பிறகு பார்த்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செயிச்சுட்டான் சாமி! ரெண்டு! ரெண்டும் அவந்தான் போட்டான். மண்டலம் முடிஞ்சுது!"

தம்பி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவள் முதன்முதலாகப் பார்த்த ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே போனாள்.

"ஒரு பந்துக்கு இருவத்திரண்டு பேரு. ஆளுக்கொண்ணு வாங்கிக் குடுத்தா சண்டையே வராது. ஒருத்தன் மட்டும் பாவம், வலைக்கு முன்னால நின்னுட்டே இருக்கறான், ஆரும் அவங்கூடப் பேச மாட்டீங்கறாங்க. இவன் ஓடறான் பாரு, இந்த ஓரத்துலயே ஓடறான், வாய்க்கா வரப்புல ஓடற மாதிரி. அப்பறம் ஒரு ஒதை. எல்லாரும் கத்தறாங்க. பக்கத்துல ஒரு வாத்தியாரு 'உங்க பையனாம்மா?'ன்னாரு. 'ஆமாங்க, எம் பையந்தான்'னேன். அவரு எந்திரிச்சு எனக்கு நாக்காலி குடுத்தாரு."

பிறகுதான் கேட்டாள், "நீ எங்க சாமி போயிருந்த?"

"கோயம்புத்தூருக்கும்மா."

"அவங்ககிட்ட சொல்லீட்டயா, செயிச்சுட்டான்னு?"

நான் உள்ளே போய் முகம் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். தம்பி வந்து பின்னால் நின்றான்.

"எதுக்குக்கா போன?"

"நீ போவாததுனால."

"என்ன சொன்னாங்க?"

"வந்திருந்தா எடுத்திருப்பாங்களாம்."

அவன் "ஓ" என்று மட்டும் சொன்னான். அந்த "ஓ" எவ்வளவு சிறியதாக இருந்தது என்றால், முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அடுத்த ஆட்டம் வேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில். பட்டாளத்துக்கு ஆள் போகிற ஊராம், ஒவ்வொருவனும் பனைமரம் மாதிரி இருந்தானாம். மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்று, போட்டியிலிருந்தே வெளியே வந்தார்கள். திரும்பி வந்து தம்பி சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னான். எங்கள் பையன்கள் பழக்க தோஷத்தில் எதிரணிக்காரனிடமே "தள்ளுங்க, தள்ளுங்க" என்று மரியாதை கொடுத்தார்களாம். "இன்னாபா இது, பந்து ஆட வந்தியா, பொண்ணு கேட்டு வந்தியா?" என்று அவர்கள் சிரித்திருக்கிறார்கள். கோல் போட்டவனைப் பார்த்து எங்கள் கோல்கீப்பர் "நல்லாப் போட்டீங்க" என்றானாம். எல்லாரும் சிரித்தோம். அப்பாகூட எதற்கென்று தெரியாமல் சிரித்தார்.

நான் அப்போதும் விடவில்லை. மின்வாரியம், ரயில்வே, இன்னொரு மில் என்று எங்கே விளையாட்டுக்காரர்களுக்கு வேலை என்று காதில் விழுந்தாலும் ஓடினேன். எல்லா இடத்திலும் பல்கலைக்கழக அணியில் ஆடியிருக்க வேண்டும் என்றார்கள். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பது மண்டலத்தில் ஜெயித்த பிறகு. நான் எந்தப் பக்கத்திலிருந்து போனாலும் அந்த ஒரு வார்த்தையிலேயே போய் முட்டிக்கொண்டேன்.

அப்பாவுக்கு மூச்சு மோசமானது. அம்மா தறிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். தம்பி ஒருநாள் சாயங்காலம் அவனாகவே மாமா வீட்டுக்குப் போய்விட்டு வந்தான். படிப்பை முடித்துவிட்டுப் போ என்று கெஞ்சினேன். "வண்டி எனக்காக நிக்காதுக்கா," என்றான்.

அன்றைக்கு அம்மா ஒரு கேள்வி கேட்டாள். அடுப்பைப் பார்த்தபடி, என்னைப் பார்க்காமல். "முழுசா முடிச்சனே சாமி. ஒரு நாளு, ஒரு வேள தப்பல. எதுல குத்தம் வந்துது?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மேப், பென்சில் கோடு, இரண்டு பல்கலைக்கழகங்கள். எல்லாம் எனக்குத் தெரியும். இதை அவளிடம் சொன்னால், அவள் பசியோடு கிடந்த நாளெல்லாம் என்ன ஆகும்?

"உம் மேல குத்தமில்லம்மா," என்றேன். "மண்டலந்தான் சரியில்ல."

அவள் தலையாட்டினாள். அது அவளுக்குப் புரிந்தது.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை வண்டி கிளம்பியது. ரிக்கு லாரியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மூக்கில் வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்தார்கள். மாமா பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். அப்பாவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்திருந்தோம். தம்பி பழைய காக்கிக்கால்சட்டையில் நின்றான். அது அப்பாவுடையது. இடுப்பில் மடித்துப் பிடித்திருந்தான்.

மாமா டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே வந்தார். கடைசிப் பழம் சரிவில் நழுவி உருண்டது. உருண்டு தம்பியின் பக்கம் வந்தது. அவன் பார்க்கவே இல்லை, பேசிக்கொண்டிருந்தான். இடது கால் மட்டும் தானாக நீண்டு, பாதத்தின் உட்புறத்தால் அதை நிறுத்தியது. ஒரு சின்னத் தட்டு. பழம் நேராகப் போய், டயர் தரையைத் தொடும் இடத்தில் சொருகி நின்றது.

"டேய்! சாமி பழத்தக் காலால ஒதைக்கிறயா?" என்று மாமா கத்தினார்.

தம்பி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். குனிந்து அந்தப் பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஓடிப்போய்ப் பின்னால் பைப்புகளின் மேல் ஏறினான். அம்மா, "பாத்துப் போ சாமி," என்றாள். அப்பா ஏதோ சத்தமாகச் சொன்னார். வண்டி உறுமியதில் அது எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

மாமா கியரைப் போட்டார். டயர் அந்தப் பழத்தின் மேல் ஏறி இறங்கியது.